மறுத்தலும் நிறுத்தலும்: ஆங்கில எதிர்நிலை இணைப்புச் சொற்கள்



தம் வாழ்நாள் முழுவதையும் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பதிலேயே கழித்து, ஓய்வு பெற்ற நாளில் கைக்கு வந்த சிறு தொகையை, ஆண்டுக்கு ஒரு முறை மொழியைப் பற்றி ஒருவர் பேசவும் பலர் கேட்கவும் பயன்படட்டும் என்று ஒதுக்கி வைத்த ஓர் ஆசிரியரின் பெயரால் அமைந்தது இந்த அறக்கட்டளை. வகுப்பறைக்குப் பயன்படாத பேச்சு இங்கே வேண்டா என்பது அவர் விட்டுச் சென்ற ஒரே நிபந்தனை என்று குழுவினர் எனக்குச் சொன்னார்கள். அந்த நிபந்தனைக்குத் தலைவணங்கியே இன்றைய விஷயத்தைத் தேர்ந்துகொண்டேன்.

ஆங்கில உரைநடையில் முன் வந்த கருத்துக்கு எதிராகவோ வேறாகவோ ஒன்றைச் சொல்லப் புகும்போது வாயிற்காவலர் போல நிற்கும் சில சொற்கள் உண்டு. 'ஆன் தி கான்ட்ரரி', 'ஆன் தி அதர் ஹேண்ட்', 'இன் கான்ட்ராஸ்ட்', 'ஆல்தோ', 'டிஸ்பைட்', 'ஹவெவர்', 'நெவர்தலெஸ்' என்பன அவற்றுள் நாம் அடிக்கடி சந்திப்பவை. இவை அனைத்தையும் 'ஆனால்', 'மாறாக', 'எனினும்' என்ற இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களுக்குள் அடக்கி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றைத் தாராளமாக வைக்கலாம் என்ற எண்ணத்தை மாணவர் உள்ளத்தில் நாமே விதைத்துவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதையும், அந்தத் தவறு இலக்கணத்தோடு நின்றுவிடாமல் நியாயத்தையும் தொடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

இத்தகைய சிறு சொற்களை ஆராய்வது பெரியோர்க்கு உரிய வேலையன்று என்று யாரும் கருத வேண்டியதில்லை. தொல்காப்பியர் தம் நூலில் இடைச்சொற்களுக்கென்றே இடையியல் என ஓர் இயலை வகுத்தார். ஆங்கிலேயத் தத்துவஞானியாகிய ஜான் லாக், மனித அறிவின் இயல்பை ஆராய்ந்து 1690-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் பெருநூலின் மூன்றாம் பகுதியில், இடைச்சொற்களுக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். மற்றச் சொற்கள் மனத்தில் உள்ள எண்ணங்களுக்குப் பெயராக நிற்க, இச்சிறு சொற்களோ பேசுவோன் மனம் ஒரு கருத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது கொள்ளும் நிலைகளையும் திருப்பங்களையும் காட்டுகின்றன என்பது அவருடைய கொள்கை. அதற்கு உதாரணமாக அவர் எடுத்துக்கொண்ட சொல் 'பட்' என்பது. ஆங்கிலத்தில் அதைவிடப் பழக்கமான இடைச்சொல் இல்லை என்றார் அவர். அதன் பொருள்கள் இத்தனை என்று வரையறுப்பதோ எளிதன்று என்பதை அவர் சில வாக்கியங்களால் விளக்கினார்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே கூற வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்து, என்னிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டான். அவன் எழுத்து மிகத் தெளிவானது. பேச்சில் மட்டும் சற்றுத் திக்குவான். அதை மறைப்பது நேர்மையன்று என்று கருதி, அவன் எழுத்துத் திறமை உயர்ந்தது என்று ஒரு வாக்கியம் எழுதி, உடனே 'ஆன் தி கான்ட்ரரி' என்று தொடங்கி, அவன் பேச்சில் தயக்கம் உண்டு என்று அடுத்த வாக்கியத்தையும் எழுதி அனுப்பினேன். வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு என் கடிதமே காரணம் என்று கொள்ள ஆதாரம் ஏதுமில்லை. ஆயினும், பின்னொரு நாள் அக்கடிதத்தின் நகலைப் படித்த மூத்த ஆசிரியர் ஒருவர் என்னை நோக்கி, "அவன் எழுத்து உயர்ந்தது என்று முதலில் சொன்னீரே, அடுத்த வரியில் அதை ஏன் பொய் என்று சொன்னீர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. இந்தச் சொற்பொழிவு அதற்கு நான் காலம் தாழ்த்திச் சொல்லும் விடை.

இனி வரும் உதாரணங்களில் வாக்கியங்களைத் தமிழில் கூறி, ஆராய்ச்சிக்குரிய ஆங்கில இணைப்புச் சொல்லை மட்டும் அதனதன் இடத்தில் அப்படியே நிறுத்துகிறேன். பொருளின் போக்கு அப்போதுதான் தெளிவாக விளங்கும்.

மறுத்தல்

'மழை ஓயவில்லை, ஆன் தி கான்ட்ரரி, முன்னிலும் வலுத்தது.' இவ்வாக்கியத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதற்பகுதி எதிர்மறை: மழை ஓய்ந்தது என்று யாரோ கருதியிருக்கக்கூடும், அந்தக் கருத்து சரியன்று என்கிறது. இரண்டாம் பகுதி உண்மை நிலை இன்னது என்கிறது. ஆகவே 'ஆன் தி கான்ட்ரரி' என்பது தனக்கு முன்னே நிற்கும் வாக்கியத்தை எதிர்ப்பதே இல்லை. அந்த வாக்கியத்தோடு சேர்ந்து நின்று, அதற்குத் துணைபுரிந்து, இரண்டும் ஒன்றாக எதிர்ப்பது மூன்றாவதான ஒரு கருத்தை. பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் காற்றில் நிற்கும் கருத்தை. எதிர்ப்புச் சொற்களிலெல்லாம் கடுமையானதாகத் தோன்றும் இச்சொல், எழுதுவோன் தன் முன் வாக்கியத்தோடு முழுவதும் உடன்படுமிடத்தில்தான் வரும் என்பது முதலில் வியப்பாக இருக்கும். அதை உணர்ந்தவர்கள் பின்னர் ஒருபோதும் தவறு செய்யமாட்டார்கள்.

இருவர் உரையாடும்போது நிலைமை சிறிது வேறு. 'பயணம் களைப்பாக இருந்ததா?' என்று ஒருவர் கேட்க, 'ஆன் தி கான்ட்ரரி, உற்சாகமாக இருந்தது' என்று மற்றவர் விடை கூறலாம். இங்கே மறுக்கப்படுவது எதிரே இருப்பவரின் ஊகம். ஒருவரே எழுதும் எழுத்திலோ, மறுக்கப்படும் கருத்தை அவரே எதிர்மறை வாக்கியத்தால் முதலில் எடுத்துரைத்தாக வேண்டும். முன்னே எதிர்மறை இல்லாமல், உடன்பாட்டு வாக்கியத்தை அடுத்து இச்சொல்லை வைத்தால், எழுதியவர் தாம் சொன்னதைத் தாமே பொய் என்று மறுத்துக்கொள்கிறார். என் கடிதத்துக்கு நேர்ந்த கேடு இதுதான்.

நிறுத்துப் பார்த்தல்

'ஆன் தி அதர் ஹேண்ட்' என்பதன் இயல்பு இதற்கு முற்றிலும் வேறு. அது எதையும் பொய்யாக்குவதில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி முன்னே சொன்னதும் உண்மை, பின்னே சொல்வதும் உண்மை, முடிவுக்கு வருமுன் இரண்டையும் மனத்தில் வைத்து எடைபோட வேண்டும் என்பதே அது தரும் குறிப்பு. 'நகரத்தில் வேலைக்கு வாய்ப்புகள் அதிகம்; ஆன் தி அதர் ஹேண்ட், வீட்டு வாடகையும் அதிகம்' என்னும்போது, வாய்ப்பு அதிகம் என்ற கூற்று அணுவளவும் குறைவதில்லை. நகரத்துக்குக் குடிபெயரலாமா என்ற ஒரே கேள்வியின் இரு புறங்கள் நம் முன் வைக்கப்படுகின்றன. இச்சொற்றொடரில் 'கை' என்னும் பொருளுள்ள சொல் இருப்பதை மறக்கலாகாது. இரண்டு கைகள் இருந்தாலும் உடல் ஒன்று. இரண்டு நியாயங்கள் இருந்தாலும் பிரச்சினை ஒன்று. அந்த ஒன்று இன்னதென்று வாசகனுக்கு விளங்காத இடத்தில் இத்தொடரைப் பயன்படுத்துவது பொருந்தாது.

சந்தேகம் தோன்றும் சந்தர்ப்பத்தில் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். இரண்டு வாக்கியங்களையும் 'என்பதும் உண்மை, என்பதும் உண்மை' என்று முடித்துப் பாருங்கள். இடர்ப்பாடின்றி முடிந்தால் 'ஆன் தி அதர் ஹேண்ட்' பொருந்தும். 'அன்று' என்ற மறுப்பு தேவைப்பட்டால், தமிழில் 'பணத்திற்காக அன்று, பாசத்திற்காக வந்தான்' என்று சொல்லும் வகையில் அமைந்தால், அங்கே உரியது 'ஆன் தி கான்ட்ரரி'.

எதிரெதிரே வைத்தல்

'இன் கான்ட்ராஸ்ட்' என்பதில் மறுப்பும் இல்லை, எடைபோடுதலும் இல்லை. இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அவற்றின் வேற்றுமையைப் பார் என்று கூறுவதோடு அது அமைதி கொள்கிறது. 'குறிஞ்சி நிலம் குளிர்ந்தது. இன் கான்ட்ராஸ்ட், பாலை வெம்மை மிக்கது.' இங்கே எழுவாய்கள் இரண்டு என்பது முக்கியம். லத்தீன் மொழியில் 'எதிரே நிற்றல்' என்று பொருள்படும் வேர்களிலிருந்து பிறந்து, ஓவியக்கலையில் பயின்று, பின்னர் பொது வழக்கில் பரவிய சொல் 'கான்ட்ராஸ்ட்'. ஒளியை அடுத்து நிழலைத் தீட்டும் ஓவியன் நிழலால் ஒளியை மறுப்பதில்லை. ஒன்றால் மற்றொன்று துலங்கச் செய்கிறான். 'வேராஸ்', 'வைல்' என்னும் சொற்களும் இந்த வேலையையே செய்கின்றன. ஆயினும் அவை இரண்டு வாக்கியங்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே வாக்கியமாக்கும் ஆற்றலும் உடையவை. 'வேராஸ்' என்பது பத்திரங்களின் முகப்பில் வரும்போது 'இன்ன காரணம் இருத்தலால்' என்ற பொருளையே தரும் என்பதையும், 'வைல்' என்பது முதலில் காலத்தையே குறித்த சொல் என்பதையும் மாணவர்க்கு எடுத்துச் சொல்வது நன்று.

நம்மவர் குழப்பத்துக்குத் தமிழில் வழங்கும் 'மாறாக' என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் காரணமாகிறது. 'அவன் சோம்பேறி அல்லன், மாறாக, கடும் உழைப்பாளி' என்கிறோம், 'அண்ணன் சாது, மாறாக, தம்பி முன்கோபி' என்றும் எழுதிவிடுகிறோம். முன்னது மறுப்பு, பின்னது ஒப்பீடு. தமிழில் ஒரு சொல் இரண்டுக்கும் ஆகிறதே என்று ஆங்கிலத்திலும் ஒரே தொடரை இரண்டு இடத்திலும் இட்டால், தம்பியின் முன்கோபம் அண்ணனின் சாந்தத்தைப் பொய்யாக்கிவிடுகிறது.

ஒப்புக்கொண்டு கடத்தல்

நான்காவது வகை, தடை ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டு, அதையும் மீறி ஒன்று நிகழ்ந்தது என்று கூறுவது. இலக்கண அமைப்பால் இவ்வகைச் சொற்கள் மூன்றாகப் பிரியும். 'ஆல்தோ', 'தோ' என்பவை முழு வாக்கியத்தை ஏற்கும். 'டிஸ்பைட்', 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பவை பெயர்ச்சொல்லை மட்டுமே ஏற்கும். 'ஹவெவர்', 'நெவர்தலெஸ்' என்பவை இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்கும் பசை உடையன அல்ல. முன் வாக்கியம் முற்றுப்புள்ளியாலோ அரைப்புள்ளியாலோ முடிந்த பின்னரே புதிய வாக்கியத்தில் அவை இடம் பெறும். நம் மாணவர்கள் காற்புள்ளி ஒன்றை இட்டு 'ஹவெவர்' என்று தொடர்வது மிகப் பரவலான பிழை. 'டிஸ்பைட்' என்பதை அடுத்து 'ஆஃப்' சேர்ப்பது மற்றொன்று. கீழ்நோக்கிப் பார்த்தல், அதாவது இகழ்தல், என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து 'டிஸ்பைட்' வந்தது. அதன் தலை தேய்ந்து நின்ற உருவமே 'ஸ்பைட்'. பழைய ஆங்கிலேயர் 'இன் டிஸ்பைட் ஆஃப்' என்றே முழுத் தொடராக எழுதினர். பின்னர் 'டிஸ்பைட்' மட்டும் தன் துணைகளை உதறித் தனியே நிற்கப் பழகிற்று. தமக்கை தம்பியரான இவ்விரு சொற்களின் வரலாற்றை ஒரு முறை கூறிவிட்டால், மாணவன் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இந்த நான்காம் வகையில் தமிழனுக்கு ஆங்கிலேயனும் பொறாமைப்படத்தக்க ஒரு செல்வம் உண்டு. அது 'உம்' என்னும் இடைச்சொல். தொல்காப்பியர் இதற்கு எட்டுப் பொருள்களை வகுத்தார். அவற்றுள் எதிர்மறையும் ஒன்று, எச்சமும் ஒன்று, சிறப்பும் ஒன்று. 'மழை பெய்தும் பயிர் விளையவில்லை' என்றால் மழை பெய்தது உறுதி. 'மழை பெய்தாலும் பயிர் விளையாது' என்றால் பெய்யுமா பெய்யாதா என்பது இன்னும் தெரியாத நிலை. முன்னதற்கு 'ஈவன் தோ', பின்னதற்கு 'ஈவன் இஃப்'. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் மயக்குகிற மாணவனிடம், 'பெய்தும்' என்பாயா, 'பெய்தாலும்' என்பாயா என்று கேட்டுப் பாருங்கள். அவன் உடனே சரியான விடைக்கு வந்துவிடுவான். 'எவ்வளவு முயன்றாலும்' என்பதன் பொருளில் 'ஹவெவர்' வருவதையும் இதே வழியில் விளக்கலாம். மற்றொன்றும் கவனிக்க வேண்டும். தமிழில் 'உம்' ஒரு முறை வந்தால் போதும். ஆங்கிலத்திலும் 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் மீண்டும் 'பட்' என்று எழுதுவது, ஒரே கதவுக்கு இரண்டு முறை பூட்டுப் போடுவதாகும்.

இவ்வகையில் உறுதி மிக்க சொல் 'நாட்வித்ஸ்டாண்டிங்'. 'எதிர்த்து நில்லாமல்' என்பது அதன் நேர்ப்பொருள். சட்டத்தின் மொழியில் அதற்குத் தனி மதிப்புண்டு. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு, இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக முதல் உட்பிரிவில் அறிவித்து, அடுத்த இரண்டு உட்பிரிவுகளையும் இச்சொல்லாலேயே தொடங்குகிறது. ஆங்கிலம் 15 ஆண்டுகளுக்கு நீடிக்கும் என்பதும், அதன் பின்னும் நீடிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பதும் இச்சொல்லின் தோளில் ஏறியே வருகின்றன. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டமும், ஆங்கிலத்தின் தொடர்ச்சியைக் கூறுமிடத்தில் இச்சொல்லையே முன்னிறுத்தியது. முதல் உட்பிரிவின் விதியை இச்சொல் நீக்கவில்லை, பொய்யாக்கவில்லை. அந்த விதி இருக்கட்டும், இதற்குத் தடையாக நில்லாதிருக்கட்டும் என்கிறது. அந்த இடத்தில் 'ஆன் தி கான்ட்ரரி' என்ற தொடரை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஓர் இணைப்புச் சொல்லின் நிறை எத்தகையது என்பதற்கு, நம் தமிழகத்தின் வரலாற்றையே தொட்ட இதனினும் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

'பட்' என்னும் பொதுச்சொல்

இந்நான்கு வேலைகளையும் ஓரளவுக்குத் தானே செய்துவிடக்கூடியது 'பட்'. பழைய ஆங்கிலத்தில் 'வெளியே', 'தவிர' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து அது பிறந்தது. ஒருவரைத் தவிர எல்லாரும் என்று சொல்லுமிடத்தில் அப்பழம் பொருள் இன்றும் வாழ்கிறது. நம் 'ஆனால்' என்பதோ 'அவ்வாறு ஆகுமாயின்' என்ற நிபந்தனைப் பொருளில் தோன்றியது; 'அப்படியானால்' என்னும்போது அதன் பிறப்பு வெளிப்படுகிறது. ஜெர்மானியர் மறுத்துத் திருத்துவதற்கு 'சோண்டெர்ன்' என்றும், மற்ற இடங்களில் 'ஆபெர்' என்றும் இரண்டு சொற்களை வைத்திருக்கின்றனர். ஸ்பானியரும் 'சீனோ', 'பெரோ' என்று பிரித்து வழங்குகின்றனர். ஆங்கிலேயர் இரண்டையும் 'பட்' என்ற ஒன்றிலேயே அடக்கினர்.

ஜெர்மானியத் தருக்க அறிஞர் ஃபிரேகே 1892-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 'ஆயினும்', 'ஆனால்' போன்ற சொற்கள் வாக்கியத்தின் மெய்ம்மையை மாற்றுவதில்லை என்றும், அதன் மேல் ஒருவகைத் தனி ஒளியை மட்டும் பாய்ச்சுகின்றன என்றும் கூறினார். 'அவர் ஏழை, ஆனால் நேர்மையானவர்' என்பதும், 'அவர் ஏழை, நேர்மையானவரும் கூட' என்பதும் ஒரே இரண்டு செய்திகளையே தருகின்றன. எனினும் முன்னதைச் சொன்னவர், ஏழைகளிடம் நேர்மையை எதிர்பார்க்காதவர் என்பதைத் தம்மை அறியாமலே வெளிப்படுத்திவிட்டார். இணைப்புச் சொல் உலகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசுவோன் உள்ளத்தைப் பற்றிப் பேசுகிறது. இதனால்தான் அதில் நேரும் பிழை நியாயத்தையும் தொடுகிறது என்று தொடக்கத்தில் கூறினேன்.

எழுவகை மதம்

முன்னே வந்த கருத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதே இச்சொற்களைத் தேரும்போது கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலாசிரியன் பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் முறைகளை எழுவகை மதம் என்று பாயிரத்திலேயே தொகுத்துரைத்தார். உடன்படலும் மறுத்தலும் தனித்தனியே அதில் உண்டு. பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல் உண்டு. இருவர் மாறுபட்டுக் கொண்டவற்றுள் ஒருதலையாகத் துணிதல் உண்டு. அவர் நூலாசிரியர்க்கு வகுத்ததை நான் இரண்டு வாக்கியங்களுக்கு இடையே வைத்துப் பார்க்கிறேன். அளவு சுருங்கினாலும் அறம் ஒன்றே. 'ஆன் தி கான்ட்ரரி' என்பவன் மறுக்கிறான். 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்பவன் மாறுகோள் இரண்டையும் முன்வைத்துத் துணிவுக்கு வழி செய்கிறான். 'ஆல்தோ' என்பவன் ஒன்றுக்கு உடன்பட்டு, அதைக் கடந்து செல்கிறான். எழுவகை மதத்தைப் படித்த தமிழ் மாணவனுக்கு ஆங்கில இணைப்புச் சொற்களின் வேறுபாடு அயல்நாட்டு விந்தையாக இராது; தன் வீட்டுச் சாவியே அந்தப் பூட்டையும் திறக்கக் காண்பான்.

ஆகையால் ஆசிரிய நண்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. இச்சொற்களைப் பட்டியலிட்டு, எதிரே தமிழ் அர்த்தம் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். முன்னே வந்த கருத்து பொய்யா, பாதியா, வேறொன்றைப் பற்றியதா, வெல்லப்பட்ட தடையா என்று மாணவனையே கேளுங்கள். அதற்கு விடை சொன்ன பின் அவன் தேரும் சொல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

முடிக்குமுன் அந்த நற்சான்றுக் கடிதத்துக்குத் திரும்புகிறேன். 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்று எழுதியிருந்தால் பிழை இராது. ஆனால் எழுத்தும் திக்கலும் தராசின் இரு தட்டுகளில் சமமாக நின்றிருக்கும். 'ஆல்தோ' என்ற சொல்லிலோ இன்னொரு நுட்பம் இருக்கிறது. அது எந்த வாக்கியத்தின் தலையில் அமர்கிறதோ அந்த வாக்கியம் தாழும், மற்றது ஓங்கும். எழுத்தில் வல்லவன் என்பதன் தலையில் அதை வைத்தால் திக்கலே ஓங்கி நிற்கும். திக்கலின் தலையில் வைத்திருந்தால், குறையை நான் மறைத்தவனும் ஆகேன், அவன் திறமையே கடைசிச் சொல்லாகவும் நின்றிருக்கும். அன்று யாரேனும் என்னைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தால், ஒரு கணமும் யோசியாமல், 'பேச்சில் சற்றுத் தயங்கினாலும் எழுத்தில் வல்லவன்' என்று எழுதியிருப்பேன். அந்த 'உம்' என்னிடம் இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் இணை எது என்று தேட எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. இன்று இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் நாளை தம் மாணவர்க்கு அதைக் கற்பிப்பார்களாயின், இவ்வறக்கட்டளையை நிறுவிய பெருமகனாரின் நிபந்தனையை நான் நிறைவேற்றியவன் ஆவேன்.